சேலம் டூ சிங்கப்பூர்... நாலு மணி நேரம்தானா?

'திருச்சியில ஏறினா நாலு மணி நேரம், சிங்கப்பூர்!' சேலம், நாமக்கல் பக்கம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கும் வீடுகளில் கேட்கவே வேண்டாம். ஆனால், அந்த நாலு மணி நேரம் விமானத்தின் கணக்கு. நம் வீட்டு வாசலில் இருந்து போட வேண்டிய கணக்கு வேறு.

எந்த ஏர்போர்ட் பக்கம்?

திருச்சியில் இருந்து சிங்கப்பூருக்கு வான்வழித் தூரம் சுமார் 2,980 கி.மீ. சென்னையில் இருந்து சுமார் 2,930. கோவை, பெங்களூரில் இருந்து 3,150 கி.மீ-க்கு மேல். வானத்தில் இந்த வித்தியாசம் கால் மணி நேரம்தான். நேரத்தைத் தின்பது சாலைதான். சேலத்தில் இருந்து திருச்சிக்கு சுமார் 140 கி.மீ, கோவைக்கு 160, சென்னைக்கு 340. நாமக்கல்காரர்களுக்குத் திருச்சி இன்னும் பக்கம், 90 கி.மீ-க்குள்தான். சேலத்துக்கே காமலாபுரத்தில் ஏர்போர்ட் இருந்தாலும், அங்கிருந்து உள்நாட்டு விமானங்கள் மட்டும்தான்.

உண்மையில் எவ்வளவு நேரம்?

நாமக்கல்லில் இருந்து காரில் 2 மணி நேரம். வெளிநாட்டு விமானம் என்பதால் 3 மணி நேரம் முன்பே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். விமானத்தில் 4. இறங்கி இமிக்ரேஷன், லக்கேஜ் முடிக்க 1. ஆக 10 மணி நேரம். சேலம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் கூடும்.

கடிகாரம் செய்யும் வேலை

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. திருச்சியில் காலை 10 மணிக்குக் கிளம்பினால், அங்கே இறங்கும்போது மாலை 4.30. திரும்பும்போது காலை 10-க்குக் கிளம்பினால் இங்கே 11.30-க்கே இறங்கிவிடலாம். 'ஒன்றரை மணி நேரத்துல வந்துட்டானே!' என்று ஆச்சர்யப்பட வேண்டாம். பயணம் அதே 4 மணி நேரம்தான். டிக்கெட்டில் எப்போதும் ஏறும் ஊர் நேரமும் இறங்கும் ஊர் நேரமும்தான் இருக்கும். நாம் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டியதில்லை.

நள்ளிரவு விமானத்தில் இன்னும் உஷார். டிக்கெட்டில் '15-ம் தேதி 00.30' என்றிருந்தால், 14-ம் தேதி இரவு 9.30-க்கே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். 15-ம் தேதி ராத்திரி போனால், விமானம் அன்று 00.30-க்கே போயிருக்கும்.

அவசரத்தில் இந்தக் கணக்கு

இந்தக் கணக்கு ரொம்பவும் தேவைப்படுவது துக்க வீட்டில். 'பையன் நாலு மணி நேரத்துல வந்துடுவான்' என்று யாரோ சொல்ல, அதை நம்பி எடுக்கும் நேரத்தைக் குறித்துவிடுகிறார்கள். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க ஓடி வருகிறவர், பாதி வழியில் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிடுகிறது.

அதனால், முதலில் டிக்கெட் கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள். அதில் திருச்சியில் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். வெளியே வர ஒரு மணி நேரம், சாலைக்கு நாமக்கல் என்றால் இரண்டு, சேலம் என்றால் மூன்று மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியம் 12-க்கு இறங்குகிறவர் சேலம் வீட்டுக்கு வர மாலை 4 ஆகும். விமானம் தாமதமானால் அதற்கும் மேல். ஃப்ரீஸர் பெட்டியா, எத்தனை மணிக்கு எடுப்பது என்பதையெல்லாம் அதன்பிறகு பேசலாம்.