வெந்த எலும்பும் அவசர முடிவும்

எரிந்த எலும்புகள் கிடைத்தால் காவல் நிலையத்திலிருந்து மருத்துவரிடம் போகும் முதல் கேள்வி, ‘ஆணா, பெண்ணா?’ என்பதுதான். காணாமல்போனோர் பட்டியலில் ஏறக்குறையப் பாதியை அந்த ஒரு பதில் கழித்துவிடும். பதில் தவறினால், தேட வேண்டிய ஆளே கழிந்துபோவார். கொன்று எரித்தவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேண்டியதில்லை.

தீயில் எலும்பு சுருங்கும். ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெளுத்து, வளைந்து, வெடித்து, பத்து சதவீதத்துக்கு மேலும் சிறுத்துப்போகலாம். தொடை எலும்பின் பந்துமுனையைப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் பழைய அளவுகோல்படி, விட்டம் 47.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஆண்; 42.5-க்குக் கீழே என்றால் பெண். 48 மில்லிமீட்டர் முனை 12 சதவீதம் சுருங்கினால் 42 சொச்சம். அறிக்கையில் ஓர் ஆண் பெண்ணாகிவிடுகிறார். அந்த அளவுகோலே மேலை நாட்டாரின் வேகாத எலும்புகளை வைத்து வகுத்தது. நம்மவர் உடல்வாகுக்கு அது அப்படியே பொருந்துமா என்பது தனிச் சிக்கல். பருவமடையாத பிள்ளைகளின் எலும்புக்கோ அது உதவவே உதவாது.

டி.என்.ஏ. இருக்கிறதே என்பார்கள். கொன்ற உடலைத் தந்தூர் அடுப்பில் எரித்த 1995 டெல்லி வழக்கில் பெற்றோரின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, இறந்த பெண்ணை ஹைதராபாத் ஆய்வகம் அடையாளம் காட்டியது உண்மைதான். ஆனால் அங்கே ரோந்துக் காவலர் கண்ணில் பட்டதால் தீ பாதியில் அணைந்தது. சுண்ணாம்பாக வெளுத்துவிட்ட எலும்பில் டி.என்.ஏ. கிடைப்பது அரிது.

அளவு பொய்த்தாலும் வடிவம் சில இடங்களில் தாக்குப்பிடிக்கும். இடுப்பெலும்பின் பள்ளம், காதுக்குப் பின்னுள்ள புடைப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக உள்காதைப் பொதிந்திருக்கும் கெட்டியான எலும்பு. சூடு ஆறுமுன் தண்ணீரைப் பீய்ச்சினால் இவையும் வெடிக்கும். மண்வெட்டியால் வாரிச் சாக்கில் கட்டினால் பொடியாகும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம். எலும்புகள் அதுவரை காத்திருக்கா. வருகிற நிபுணருக்கு வெந்த எலும்பைப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். அந்தப் பயிற்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் இப்போதே இடம் ஒதுக்க வேண்டும்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் எலும்பின் நிறமும் சிதைவும் கட்டாயம் பதிவாக வேண்டும். ‘பாலினம் முடிவு செய்ய இயலவில்லை’ என்று எழுதும் மருத்துவரைத் திறமையற்றவர் என்று யாரும் குடையக் கூடாது. அப்படி எழுதப்பட்ட வழக்குகளில் காணாமல்போன ஆண்கள், பெண்கள் இரு பட்டியலையும் காவல்துறை பார்த்தாக வேண்டும்.