தலைக்கட்டு வரியும் திருச்சபைக் கணக்கும்

புதிய ஆலயம் கட்டப் போகிறார்கள் என்பது நம் பங்குகள் பலவற்றில் மக்களுக்கு எப்படித் தெரிய வருகிறது? ஞாயிறு பூசையில், இறுதி ஆசீருக்கு முன்னால், இரண்டு நிமிட அறிவிப்பாக. மொத்தச் செலவு இவ்வளவு, குடும்பத்துக்கு இவ்வளவு, தாராளமாகக் கொடுங்கள். யார் முடிவெடுத்தார்கள், கடன் உண்டா, பழைய ஆலயத்தை ஏன் இடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஊர்த்தெருவில் ஏற்கெனவே பேசி முடித்த விஷயங்கள். சேரிக்கு வந்து சேர்வது ரசீதுப் புத்தகம் மட்டும்.

சில ஊர்களில் அதுவும் வராது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி என்பது வெறும் பணம் அல்ல என்று கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். வரி கொடுத்தவருக்குத்தான் திருவிழாவில் பங்கு, தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் பேச்சு. ஆகவே நம்மிடம் வரி வாங்காமல் இருப்பது சலுகை ஆகாது, விலக்கி வைப்பது. கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையம் தலித் கத்தோலிக்கர்களின் புகார்களில் இதுவும் ஒன்று. அந்த வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

ஆக, ஓரிடத்தில் பணம் மட்டும் வேண்டும், நாம் வேண்டாம். இன்னோரிடத்தில் நம் பணமே தீட்டு. இரண்டு இடத்திலும் கணக்கு நம் கண்ணில் படாது.

கணக்குக் கேட்டால் "விசுவாசக் குறைவு" என்கிறார்கள். தோழர்களே, திருச்சபையின் சொந்தச் சட்டத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 537ஆம் பிரிவு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் போடும்படி 1284 வலியுறுத்துகிறது. ஒரு நோக்கத்துக்கென்று கொடுத்த பணத்தை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது 1267. விசுவாசம் குறைந்தவர்கள் எழுதிய சட்டமா இது?

வரவு செலவுத் திட்டத்தில் சாதி தெரியும். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் நம் பிணங்களைப் பிரித்து வைத்த சுவருக்கும் யாரோ காசு கொடுத்துத்தான் செங்கல் வாங்கினார்கள். சாதிப் பாகுபாடு பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையே வெளியிட்டது. அந்தக் கொள்கைக்கு உங்கள் பங்கில் எத்தனை ரூபாய் ஒதுக்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. நம் பிள்ளைக்குத் திருச்சபைப் பள்ளியில் கட்டணச் சலுகையும் விடுதி இடமும் கிடைக்கிறதா என்பது அதனால்தான் வாழ்க்கைப் பிரச்சினையாகிறது. கோபுரத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு லட்சமும் அந்த விடுதியோடு போட்டி போடுகிறது. இதைச் சபையின் முன் வைத்துப் பேசாமல் எப்படி முடிவெடுக்கலாம்?

வெளிநாட்டு நிதிச் சட்டத்தை 2020இல் இறுக்கிய பிறகு, ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உள்ளூர்க் காணிக்கையை நம்பியிருக்கும் நிலை இனிக் கூடத்தான் செய்யும். (நம் குழந்தைகளின் படத்தைக் காட்டி வாங்கிய பணத்தின் கணக்கை இதுவரை யார் நமக்குப் படித்துக் காட்டினார்கள் என்பது வேறு கதை.)

திட்டம் முடிவாவதற்கு முன்பே அதைத் தெருவுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். அன்பியக் கூட்டத்தில், வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய இரவு நேரத்தில், தமிழில், எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் புரியும்படி வாசிக்கட்டும். தணிக்கையாளர் எழுதிய ஆங்கில அறிக்கையை ஆலய முகப்பில் ஒட்டிவிட்டுப் போவது தகவல் சொல்வதாகாது. நிதிக்குழுவில் நம் தெருவிலிருந்து யார் என்று பெயர் கேளுங்கள். ஒரு பெண்ணின் பெயரும் இருக்கட்டும். பி.காம். படித்த பிள்ளைகள் இன்று எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். பங்குத்தந்தையிடம் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை ஆயர் இல்லத்துக்கும் அனுப்பி, இரண்டுக்கும் தேதியோடு ஒப்புகை வாங்கி வையுங்கள். பதில் வந்தால் தெருவில் சத்தமாக வாசியுங்கள். வராவிட்டால் அந்த ஒப்புகைச் சீட்டை வாசியுங்கள்.