பெயரிழந்த களி

பசுபதிநாதர் வழிபாட்டின் பொருட்டுக் காத்மாண்டு சென்றிருந்த யான், ஒரு மாலை தமேல் பகுதியிலுள்ள புதுப்பாணி உணவுச்சாலை ஒன்றிற் புகுந்தேன். மாதல் என்னும் மத்தளமும் கித்தாரும் சேர்ந்து முழங்கின. இளைஞர் கூட்டம் ஆரவாரித்தது. முழக்கம் என் செவிக்குச் சற்று மிகையே. ஆயினும் அவ்விளைஞர் தம் நாட்டுணவை விரும்பி உண்டமை கண்டு மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி உணவுப் பட்டியலைக் கையிலெடுக்கும் வரையே நின்றது. குரக்கன் மாவைக் கொதிநீரிலிட்டுக் கிளறும் களியை நேபாள மக்கள் 'திண்டோ' என்பர். கடுகிலை, முள்ளங்கியிலை முதலியவற்றை வாட்டிப் பாண்டத்தில் அடைத்துப் புளிக்கவைத்து, வெயிலிலே உலர்த்தியெடுப்பது 'குந்துருக்'. நெல் அரிதான மலைச்சாரல்களிலே ஏழையர் வயிற்றைக் காத்தவை இவைபோல்வனவே. பட்டியலிலோ முன்னது 'மவுண்டன் பொலென்ரா'. பின்னது 'ஹிமாலயன் சூப்'. இத்தாலியர் களியின் பெயரை நேபாளக் களி ஏன் சுமத்தல் வேண்டும்? ஏழையின் உணவு செல்வர் மேசைக்கு ஏறுதலில் எனக்கு வழக்கில்லை. ஏறும்போது தன் பெயரை வாயிலிற் கழற்றி வைத்துவிட்டு வருதலே உறுத்துகின்றது.

அயலார்க்கு விளங்காது என்பார் உளர். அது பொருந்தாது. மோமோ தன் பெயரோடுதானே டில்லிக்கும் இலண்டனுக்கும் சென்றது? உண்டவர் பெயரையும் உடன் கற்றனர். இடியப்பத்தை 'ஸ்ரிங் ஹொப்பர்' ஆக்கி விற்பவர் நம்மவரே என்பதையும் யான் மறந்தேனல்லேன்.

பரிமாற வந்த இளைஞன் என்னிடம் 'பொலென்ரா' என்றான். அடுக்களையை நோக்கித் 'திண்டோ' என்று கூவினான்.