எதுக்கெடுத்தாலும் எக்செல் தானா?

பி.காம் படிக்கிற நமக்கு எக்செல்தான் குலதெய்வம். கூட்டல், கழித்தல், பிவட் டேபிள்னா அது கில்லாடி, மறுக்கலை. ஆனா குப்பையா வர்ற டேட்டாவைச் சுத்தம் பண்ணவும் அதையே தூக்கிட்டு வர்றீங்க பாருங்க, அங்கதான் கடுப்பாகுது.

எக்செல் கேக்காமலே கை வைக்கும். 007ன்னு அடிச்சா 7 ஆக்கிடும். மார்ச்1, செப்ட்2 மாதிரி மரபணுப் பேர்களைத் தேதியா மாத்தி மாத்தி, 2020ல விஞ்ஞானிகள் அந்தப் பேர்களையே மாத்திட்டாங்க! அந்த மாற்றத்தை நிறுத்திவைக்கிற வசதி எக்செல்ல வந்தது 2023லதான்.

சிரிச்சுட்டு விடுற விஷயமும் இல்லைங்க. 2020 அக்டோபர்ல இங்கிலாந்துல என்னாச்சு? பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்ல 65,536 வரிசைக்கு மேல இடமில்லை. 15,841 கொரோனா நோயாளிகள் கணக்குல விட்டுப்போய், அவங்களோட பழகினவங்களைத் தேடுறதே தாமதமாச்சு.

அப்போ என்ன பண்ணலாம்? ஓப்பன்ரிஃபைன் இருக்கு, இலவசம். 'ராஜா டிரேடர்ஸ்', 'டிரேடர்ஸ், ராஜா' ரெண்டும் ஒண்ணா இருக்கலாம்னு கூட்டிவந்து காட்டும். சேர்க்கவான்னு உங்களைக் கேக்கும். செஞ்ச ஒவ்வொரு வேலையையும் வரிசையா எழுதி வச்சுக்கும். பின்னாடி போகலாம், அடுத்த மாச ஃபைலுக்கும் அதே வேலைகளை அப்படியே ஓட்டலாம்.

பத்து வரி லிஸ்டுக்கு எக்செல் போதும், சண்டையில்லை. ஆயிரக்கணக்குல போனா யோசிங்க. ஆடிட்டிங் பேப்பர்ல ஒவ்வொரு என்ட்ரிக்கும் வவுச்சர் எங்கேன்னு கேக்குறோமே, எக்செல்ல அழிச்சு எழுதின கட்டத்துக்கு வவுச்சர் யாருங்க தருவா?