வளைகோடும் வாய்மூடிய பதிப்பும்

ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரம் ஒன்றாய்த் தோன்றும். காலும் ரகரமும் வேறுபடா. இதை முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். ஐயத்துக்கிடமான ஓரிடத்தைச் சத்தமில்லாமல் தீர்த்துவிட்டுப் போகும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா. பிரதிபேதங்களைக் கீழே காட்டினார். அந்த ஒழுக்கம் இசை நூல்களின் வாசற்படியோடு நின்றுவிடுவது ஏன்?

1904இல் எட்டயபுரத்தில் அச்சேறிய சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை எடுத்துக்கொள்வோம். கமகங்களுக்கெனத் தனித்தனிக் குறிகள் வகுத்தார் அவர். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள், 'வலி'க்கு வில்போல ஒரு வளைகோடு. வலி என்பது வீணையில் ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மேற்சுரங்களின் சாயலை வரவழைப்பது. எவ்வளவு இழுப்பது, இடையில் எங்கே தங்குவது என்பதை அந்த வில் சொல்லாது. ஐயம் அங்கேதான் பிறக்கிறது. ஐயம் பிறக்குமளவுக்காவது எழுதி வைத்தாரே என்பதுதான் நமக்கு முக்கியம்.

மேற்கிலும் இதே வளைகோடுதான் தொல்லை. வெவ்வேறு சுரங்களை இணைத்தால் இடைவெளியின்றி வாசி என்று பொருள். ஒரே சுரத்தின் இரு குறிகளை இணைத்தால் இரண்டாவதைத் தட்டாமல் நீட்டு என்று பொருள். 1821இல் பீத்தோவன் எழுதிய பியானோ சொனாட்டாவில் (எண் 110), மூன்றாம் பகுதியில், ஒரே சுரம் இரண்டிரண்டாய்ப் பிணைக்கப்பட்டு, மேலே நான்காம் விரல், மூன்றாம் விரல் என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. தட்டக்கூடாதென்றால் விரலை மாற்றுவானேன்? இருநூறு ஆண்டுகளாகச் சண்டை. ஆனால் சண்டை போடுவதற்குக் கோடும் எண்ணும் தாளில் இருக்கின்றன.

நம்மவர்கள் இந்த வம்பே வேண்டாமென்று குறிகளை உதிர்த்துவிட்டார்கள்! கடையில் கிடைக்கும் கீர்த்தனைப் புத்தகங்களில் பலவற்றைப் புரட்டுங்கள். வெறும் ச ரி க ம, தாளக்கோடு, சாகித்தியம். கேட்டால், "கமகம் குருமுகமாய் வரவேண்டியது" என்பார்கள். வரட்டும், யார் தடுத்தார்? வீணை வித்வானான தீட்சிதருக்குக் குருமுகம் தெரியாதா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் சுவீகாரப் புதல்வர் அவர். குருமுகம் போதாது என்று கண்டதனாலன்றோ அத்தனை குறிகளை அச்சுக் கோக்கச் செய்தார்?

இன்னொரு கூட்டம், தம் பாடாந்தரத்துக்கு ஒத்துவராத இடங்களில் "அச்சுப்பிழை" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறது. அச்சுப்பிழை இருக்கலாம், எந்தப் பக்கம், எந்தச் சுரம், பிழையென்பதற்கு என்ன சான்று என்று சொல்லவேண்டாமா? சங்கப் பாட்டில் ஒரு சீரை இப்படித் திருத்தியிருந்தால் சிற்றிதழ்களில் ஆறுமாதம் கிழித்திருப்போம்.

இசைத்தமிழ் நமது துறையில்லை என்று தமிழாசிரியர்கள் ஒதுங்குவதும் சேர்ந்தே இதை வளர்த்தது. 1870களில் ஆசிரியப் பயிற்சிக்கு எங்கள் திண்டுக்கல்லுக்கு வந்த ஆபிரகாம் பண்டிதர், இங்கேதான் சடையாண்டிப் பத்தரிடம் வயலின் கற்றார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. சுருதியைக் கணக்குப் போட்டுக் காட்டி, மறுப்பவர் மறுக்கலாம் என்று எழுத்தில் வைத்தார். அவருடைய கணக்கை ஏற்காதவர்கள்கூட அதன் எந்த வரியோடு பிணங்குகிறார்கள் என்று சுட்டமுடிகிறது.

நாம் கேட்பது பெரிதல்ல. குறியை இருந்தபடி அச்சிடுங்கள். உங்கள் பாடாந்தரத்தை அடிக்குறிப்பில், யாரிடம் கற்றதென்ற விவரத்தோடு கொடுங்கள்.