கம்பத்தில் சாதி வர்ணம் – யாருக்கு லாபம்?

“இது எங்கள் தெருவின் அடையாளம், கை வைக்காதே!” என்கிறார்கள். எதை? மின்சாரக் கம்பத்தில் பூசிய சாதி வர்ணத்தை! ஜனங்களின் வரிப்பணத்தில் நட்ட கம்பம். இரவோடு இரவாக இரண்டு டப்பா பெயிண்டு பூசினால் அது ஒரு சாதியின் சொத்தாகிவிடுமாம். நல்ல நியாயம்!

தென் மாவட்டங்களுக்கு இந்த வியாதி புதிதல்ல. சுவர், கம்பம், தண்ணீர்த் தொட்டி என்று பரவி, கடைசியில் பள்ளிப் பிள்ளையின் மணிக்கட்டில் கயிறாக ஏறிவிட்டது. அதைத் தடுக்க 2019-ல் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். கூச்சல் கிளம்பியதும் அமைச்சரே பின்வாங்கினார். 2023-ல் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள்.

விருதுநகர் மாவட்டத்துக்குத் தெரியாத கதையா இது? 1997-ல் இங்கே அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். ‘அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம்’ என்று ஆதிக்க சாதி வெறியர்கள் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. சர்க்கார் என்ன செய்தது? மாவட்டங்களிலும் பஸ்களிலும் இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் நீக்கியது. காமராசர் பெயரும் அதோடு போயிற்று. வெறியைத் தொடவில்லை, எழுத்தைச் சுரண்டினார்கள். இன்று போலீசார் கம்பத்துக்கு வெள்ளையடிப்பதும் அதே வைத்தியந்தான். அடிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளை காய்வதற்குள் வர்ணம் திரும்பி வருகிறதே!

சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் அருகருகே உட்கார்ந்து ஒரே மருந்துத் தூசியைச் சுவாசிக்கிறவர்கள், கூலி உயர்வு கேட்கச் சங்கம் கூடினால், “அது எந்தத் தெருக்காரன் சங்கம்?” என்று கேட்க வைக்கிறது இந்த வர்ணம். முதலாளிக்கு இதைவிட மலிவான கங்காணி கிடைப்பானா?

2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் ஒருவர் பெயரில். உள்ளே வேலை நடத்தியவர்கள் குத்தகைக்காரர்கள். அந்த உள்குத்தகைக் கொள்ளையை எதிர்த்து எந்த வர்ணக் கம்பத்தின் கீழே கூட்டம் கூடியது? ‘அடையாளம்’ பேசுகிற கனவான்கள் பதில் சொல்லட்டும்.