கோபுரத்தின் உச்சியை மட்டுமல்ல, அடியையும் பார்ப்போம்

ஐப்பசி பிறந்தால் வன்னியில் பல பின்னேரங்கள் இடியோடுதான் முடிகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களும் இலங்கையில் மின்னல் கூடிய காலம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை இன்று எங்களில் அநேகருக்குக் கைத்தொலைபேசியில்தான் வருகிறது. ஆனால் அந்தத் தொலைபேசியை இயக்கும் கோபுரத்தின் மீதே மின்னல் விழுந்தால்?

கடந்த மாரியில் முல்லைத்தீவு மாவட்டக் கிராமமொன்றுக்குப் போயிருந்தேன். இடிமழைக்குப் பிறகு அங்கு சிக்னல் இல்லை. "மூண்டு நாளா மகன்ர குரல் கேக்கேல்லை தம்பி" என்றார் ஓர் அம்மா. மகன் வெளிநாட்டில். போர்க்காலத்தில் ஓர் அழைப்புக்காக வரிசையில் காத்திருந்த தலைமுறை அவருடையது. அவருக்கு மூன்று நாள் மௌனம் வெறும் தொழில்நுட்பக் கோளாறு அல்ல.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு பயம். "ரவர் நிண்டா மின்னலை இழுத்து எங்கட வீட்டில போடும்" என்றார். இதில் பாதி உண்மை. உயரமான கோபுரத்தில் மின்னல் விழும் வாய்ப்புக் கூடத்தான். ஆனால் கேள்வி அது எங்கே விழுகிறது என்பதல்ல. விழுந்த பின் எந்த வழியாக நிலத்துக்குப் போகிறது என்பதே.

ஒரு சாதாரண மின்னலில் சுமார் 30,000 அம்பியர் மின்னோட்டம் பாயலாம். கோபுரத்தின் எர்த், அதாவது புவித்தொடுப்பு, 10 ஓம் தடை கொண்டதென்று வைத்துக்கொள்வோம். எளிய கணக்கின்படியே கோபுரத்தின் அடியில் 3 இலட்சம் வோல்ற்று எழும். கோபுரத்துக்கு ஓர் எர்த், உபகரண அறைக்கு வேறு எர்த், மின்சார சபை இணைப்புக்கு இன்னொன்று என்று தனித்தனியாக இருந்தால், அந்த வேறுபாடு முழுவதும் உபகரணங்களுக்கு ஊடாகவே வழி தேடும். மின்கம்பி வழியே அயல் வீடுகளுக்கும் போகலாம். எனவே எல்லா எர்த்தையும் ஒன்றாகப் பிணைக்க வேண்டும். அன்ரனாவிலிருந்து இறங்கும் வயரின் உலோக உறையை மேலும் கீழும் அறைக்குள் நுழையுமிடத்திலும் எர்த் செய்ய வேண்டும். மின்சாரம் நுழையுமிடத்தில் மின்னெழுச்சித் தடுப்பான் வேண்டும். உச்சியில் இடிதாங்கி மட்டும் இருந்தால் போதாது.

மின்னல் விழாமலே கெடுதல் நடப்பதும் உண்டு. சோளகக் காற்று வீசும் காலத்தில் காய்ந்த தூசி அன்ரனாவில் உரசி நிலைமின்னை ஏற்றுகிறது. அது வடிந்துபோக வழியில்லாவிட்டால் சிறு பொறிகளாகப் பாய்ந்து, நுண்ணிய சிக்னலை வாங்கும் பகுதியை மெல்ல மெல்லக் கெடுக்கும். கடைகளின் கூரைகளில் இன்ரநெற்றுக்காக நிற்கும் சிறிய கம்பங்களுக்கும் இதே ஆபத்துண்டு. உறையுள்ள வயரும், அதன் இரு முனைகளிலும் தடுப்பானும் பெரிய செலவில்லை.

எங்கள் மண்ணும் இலகுவானதல்ல. யாழ்ப்பாணத்தில் மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஆழமாகக் கம்பி இறக்குவது கடினம். நிலத்தடியில் கோபுரத்தைச் சுற்றி வளையமாகச் செம்புக் கம்பியைப் புதைக்க வேண்டும். கோடையில் மண் காயும்போது எர்த்தின் தடை கூடும். மாரியில் எடுத்த நல்ல அளவீட்டைக் கோடை முடிவில் நம்ப முடியாது. 2022 நெருக்கடிக்குப் பின் செம்புக் கம்பித் திருட்டும் அடிக்கடி செய்தியானது. எர்த் கம்பி வெட்டப்பட்டாலும் கோபுரம் வழமைபோலவே இயங்கும். அடுத்த மின்னல் வரை யாருக்கும் தெரியாது.

2019 இல் யாழ். மாநகரில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்களுக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தார்கள். கேள்வி கேட்பது எங்கள் உரிமை. ஆனால் கோபுரங்கள் பற்றிய எங்கள் விவாதம் எப்போதும் கதிர்வீச்சோடு நின்றுவிடுகிறது. நிலத்துக்கடியில் என்ன இருக்கிறதென்று கேட்பவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அளந்து சொல்லக்கூடிய, திருத்தக்கூடிய ஆபத்து அங்குதான் இருக்கிறது.

இதற்குப் போராட்டம்கூடத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையிடமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடமும் கேட்கலாம்: எங்கள் ஊர்க் கோபுரத்தின் எர்த் கடைசியாக எப்போது அளக்கப்பட்டது? எத்தனை ஓம்? தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். அறிக்கை இல்லையென்றால் அந்தப் பதிலே ஒரு செய்தி. ஒவ்வொரு ஆண்டும் மாரிக்கு முன்னர், மண் காய்ந்திருக்கும் செப்டெம்பரில், அளந்து கோபுர வாசலில் ஒட்டச் சொல்லலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது தொலைத்தொடர்பு அறுந்தால் என்னவாகும் என்று நாடே பார்த்தது. எங்களுக்கு அது 2009 இலேயே தெரியும். அடுத்த இடிமழைக்குப் பிறகும் அந்த அம்மாவின் தொலைபேசி ஒலிக்க வேண்டும்.